மைனாக்களின் அந்திக் கூச்சல்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. இப்போதும் நம்புகிறேனா என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. சொன்னவர் தேவசகாயம், என்னோடு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். தன் வீட்டுக் கணினியிலேயே நண்பர்களுக்காக ஒரு சின்ன உரையாடல் தளம் நடத்திவந்தார். பெரிய தளம் ஒன்று கைமாறி, அங்கிருந்து கோபித்துக்கொண்டு கிளம்பியவர்கள் கூட்டம் கூட்டமாக அவருடைய தளத்தில் வந்து விழுந்த வாரத்தில்தான் இதை எனக்குச் சொன்னார். பேருந்து நிலையத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் மைனாக்கள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. "ஏன் இப்படிக் கத்துது தெரியுமா சார்?" என்று ஆரம்பித்தார். கதையை எங்கே கேட்டீர்கள் என்று விசாரித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஊர் சொல்வார். கதை மட்டும் மாறவில்லை. அதுதான் என்னை இன்னும் குழப்புகிறது.

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு உண்டு. மைனாக்கள் எல்லாம் ஒரே ஆலமரத்தில் இருந்தன. ஒரு கிளையில் சொன்னது எல்லாக் கிளைக்கும் கேட்கும். மைனாவின் இறக்கையில் வெள்ளை இருப்பதால் ஆண்களில் பாதிப் பேருக்கு வெள்ளையன் என்றே பெயர். அதில் சிக்கல் ஒன்றும் வரவில்லை. "வெள்ளையா!" என்று ஒருத்தி கூப்பிட்டால் எல்லா வெள்ளையன்களும் திரும்பிப் பார்ப்பார்கள், அவளுடைய வெள்ளையன் மட்டும் பறந்து வருவான்.

ஒருநாள் உச்சிக் கிளையில் ஒரு பருந்து வந்து உட்கார்ந்தது. மரம் இனித் தன்னுடையது என்றது. தனக்கு இரை கொண்டுவந்து கொடுப்பவர்கள் உரக்கப் பேசலாம், மற்றவர்கள் தங்கள் கிளைக்குள் முணுமுணுத்துக்கொள்ளலாம் என்றது. மைனாக்கள் முதலில் சிரித்தன. சிரித்தவர்களை அது கிளையோடு விரட்டியதும், மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோர் அன்று பகலிலேயே கிளம்பிவிட்டார்கள்.

அந்தப் பகலில் அல்லி என்ற பெண் மைனா பொந்துக்கு மெத்தை போட வைக்கோல் தேடிப் போயிருந்தாள். முட்டையிடும் நாள் நெருங்கியிருந்தது. திரும்பி வந்தபோது அவர்கள் குடியிருந்த கிழக்குப் பொந்து காலி. அவளுடைய வெள்ளையன், அவள் முதலில் போன கூட்டத்தோடு போயிருப்பாள் என்று நினைத்து, அடுத்துக் கிளம்பிய கூட்டத்தோடு அவளைத் தேடிப் போய்விட்டான். எந்தப் பக்கம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அவள் வாயில் வைக்கோலோடு பறந்தாள்.

ஏரிக்கரையில் வேம்பு, புங்கை, நாவல், இலுப்பை என்று சின்னச் சின்ன மரங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மைனாக்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு மைனா. அந்தி சாயும்போது பார்த்துக்கொள்பவர் பக்கத்து மரத்துக்குப் போய், தன் மரத்துச் சேதியைச் சொல்லிவிட்டு, அந்த மரத்துச் சேதியைக் கேட்டு வருவார். அவர் சொன்னதை அடுத்த மரம் அதற்கடுத்த மரத்துக்குச் சொல்லும். அப்படியே கரை முழுக்கப் பேச்சு போகும். இலுப்பை மரத்தைப் பார்த்துக்கொண்டவர் தத்தன். அதற்காக யாரும் அவருக்கு ஒரு புழுகூடக் கொடுத்ததில்லை. அவரும் கேட்டதில்லை.

ஆலமரத்துக் கூட்டம் வந்து இறங்கியதும் இலுப்பை ஆடிப்போனது.

"இதில் உச்சிக் கிளை எது?" என்றாள் ஒரு கிழவி.

"அப்படி ஒன்று கிடையாது பெரியம்மா. பிடித்த இடத்தில் உட்காருங்கள்."

"புகார் இருந்தால் யாரிடம் சொல்வது?"

"என்னிடம்."

"அப்போ நீதான் பெரியவனா?"

"நானும் பெரியவன் இல்லை."

"நல்ல இடத்துக்குக் கூட்டிவந்தீர்கள்!" என்று கிழவி தன் மக்களைப் பார்த்துக் கத்தினாள். "திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை!"

அவள் பேசி முடிப்பதற்குள் ஒரு கிளை முறிந்தது. பழைய ஆட்கள், "நாங்கள் மட்டும் இருந்தவரைக்கும் இந்த மரத்தில் இலை விழுந்தால் கேட்கும்" என்றார்கள். புதியவர்கள், "இலை விழுவதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார்கள். இனி யாரையும் சேர்க்காதே என்று பழையவர்கள் தத்தனை நெருக்கினார்கள். ஏரிக்கு மேலே இன்னும் ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். "ஒதுங்கி உட்காருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அல்லிக்கு அடிமரத்தில் ஒரு பொந்து கிடைத்தது. ஆனால் ஒற்றையாகப் பொந்தைக் காக்க முடியாது. ஒருவர் இரை தேடப் போனால் இன்னொருவர் வாசலில் இருக்க வேண்டும். அந்தப் பொந்தைப் பிடிக்க எதிர்க்கிளையில் ஒரு கிளி எந்நேரமும் காத்துக்கொண்டிருந்தது.

"என்ன தங்கச்சி, வீட்டுக்காரர் இன்னும் வரவில்லையா?"

"வருவார்."

"வரட்டும், வரட்டும். நீ போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா. வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அல்லி அசையவில்லை. அந்தியில் தத்தன் வந்தபோது சேதி சொன்னாள். "ஆலமரத்துக் கிழக்குப் பொந்து வெள்ளையனுக்கு, அதே பொந்து அல்லி இலுப்பை மரத்தில் இருக்கிறேன், முட்டைக்கு நாளாகிவிட்டது, உடனே வரவும்."

அன்று எல்லோரிடமும் ஒரு சேதி இருந்தது. பிள்ளையைத் தேடியவர்கள், தங்கையைத் தேடியவர்கள், தாங்கள் பருந்தைத் திட்டியது கரை முழுக்கக் கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள். தத்தன் பாதி வழியில் பாதியை மறந்தார். வேம்பிலிருந்து வந்த சேதிகள் இரண்டு தடவை வந்தன. புங்கையிலிருந்து வந்தவை முந்தாநாள் சொன்னவை. வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டவர் "என்னால் ஆகாது" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்கே போய்விட்டார்.

மறுநாள் தத்தன் ஒரு முடிவோடு வந்தார். "இனி பெயரையும் மரத்தையும் மட்டும்தான் சுமப்பேன். தேடுகிறவர் பெயர், தேடப்படுகிறவர் பெயர், வரவேண்டிய மரம். மற்றது வேண்டாம்."

அல்லி பதறினாள். "அண்ணே, கிழக்குப் பொந்து என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளையன் என்றால் யார் என்று தெரியும்?"

"உனக்குச் சேர்த்தால் இன்னொருத்தியின் சேதி விழுந்துவிடும், தங்கச்சி."

"விழட்டுமே!" என்று அவள் சொல்லிவிட்டாள். பிறகு மேல்கிளையைப் பார்த்தாள். அங்கே ஒருத்தி தன் பிள்ளையின் பெயரைத் தத்தன் மறந்துவிடுவாரோ என்று தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "சரி அண்ணே, பெயரும் மரமுமே போகட்டும்" என்றாள்.

வெள்ளையன், அல்லி, இலுப்பை. அவ்வளவுதான் போனது.

அவன் வந்தான். மூச்சு வாங்க, இறக்கை கலைந்து, "அல்லி!" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்து வாசலில் இறங்கினான். அவள் எட்டிப் பார்த்தாள். அவன் வேறு வெள்ளையன். அவனும் ஓர் அல்லியைத் தொலைத்திருந்தான், மேற்குப் பொந்து அல்லியை. எதிர்க்கிளையில் கிளி விழுந்து விழுந்து சிரித்தது.

"மன்னித்துக்கொள்ளுங்கள். நான் கிளம்புகிறேன்" என்றான் அவன்.

அவள் தண்ணீர் குடித்தே நாளாகியிருந்தது. "கொஞ்ச நேரம் வாசலில் உட்காருங்கள்" என்றாள். "தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்."

திரும்பி வந்தபோது அவன் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிளி இரண்டு கிளை தள்ளிப் போயிருந்தது. அவன் போகவில்லை. அவளும் போகச் சொல்லவில்லை. அன்று அவளுடைய முதல் முட்டை வந்தது.

அந்தி சாய்ந்தது. தத்தன் வழக்கம்போல் கிளம்பும்போது, வந்தவன் கிளை நுனிக்குப் போய்த் தொண்டை கிழியக் கத்தினான். "ஆலமரத்து மேற்குப் பொந்து வெள்ளையன்! என் அல்லி எங்கே?" அவன் கத்தியது அல்லிக்குக் கேட்டது. அவளும் பொந்திலிருந்து கத்தினாள். "கிழக்குப் பொந்து அல்லி! என் வெள்ளையன் எங்கே?" தத்தன் யாருடைய சேதியை மறந்தாரோ, சுருக்கினாரோ அவர்கள், பிள்ளையைத் தேடியவள், எல்லோரும் தங்கள் சேதியை முழுசாக, ஒன்றையும் விடாமல், தாங்களே கத்தினார்கள். "ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்!" என்று தத்தன் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் அவரும் எதையோ கத்தினார். அது என்னவென்றும் யாருக்கும் கேட்கவில்லை. அதே நேரத்தில் புங்கையும் நாவலும் கத்திக்கொண்டிருந்தன.

இருட்டு விழுந்ததும் எல்லோரும் ஒரே நொடியில் நிறுத்தினார்கள். பதில் வருகிறதா என்று கேட்க.

இன்றைக்கும் மைனாக்கள் எந்த மரத்தில் அடைந்தாலும் பொழுது சாயும்போது ஒன்றாகக் கத்துவதும், திடீரென்று ஒன்றாக அடங்குவதும் அன்று தொடங்கியதுதான் என்று தேவசகாயம் முடிப்பார்.

கத்துவது எனக்குப் புரிகிறது. அந்த அமைதிதான் புரியவில்லை. அத்தனை சொல்லியும் ஒரு பதில்கூட அல்லியின் காதில் விழாமலா போயிருக்கும்? அப்படி விழுந்திருந்தால் கேட்டவள் உடனே பறந்திருக்க வேண்டாமா? முட்டையை யாரிடம் விட்டுவிட்டு? போன வாரம் அதே மரத்தடியில், மைனாக்கள் அடங்கிய பிறகு, அவரிடம் கேட்டேவிட்டேன்.

"சார், கிழக்குப் பொந்து வெள்ளையனின் குரல் அன்றைக்கே அவளுக்குக் கேட்டது, கேட்டும்தான் அவள் பதில் கொடுக்காமல் வாசலில் இருந்தவனோடு இருந்துவிட்டாள், இல்லையா?"