சக்கரத்துக்கு நோகாமல் ஓட்டுகிறவர்

மீன் விற்கிற எஸ்தாக்கு வாயைத் திறந்தால் சைக்கிள் கடை சுயம்பு ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். கேட்டுக்கொண்டே வேலை பார்த்தால் கை நழுவிவிடும். அன்றைக்கு எஸ்தாக்கு பின்சக்கரம் கோணிப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கோட்டம் எடுக்கச் சாயங்காலம் ஆகும் என்றுவிட்டார் சுயம்பு. பெட்டியிலோ சீலா மீன், ஐஸ் உருகுகிறது. நல்லவேளையாக மைத்துனன் லாசர் புதுச் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்து நின்றான்.

"மாப்ள, மத்தியானம் வரைக்கும் வண்டியக் குடு. நான் ஓட்டுனா சக்கரத்துக்கு நோகவே நோகாது."

லாசர் ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்தான். "தெரியுதே அத்தான்," என்றான், கோணல் சக்கரத்தைப் பார்த்து.

"பள்ளம் வந்தா சீட்ட விட்டு எந்திரிச்சிருவேன். வேகத்தடையில மூச்சப் பிடிச்சுக்கிடுவேன். கல்யாணத்துக்கு வாங்குன டயரு, புதுசுல நீட்டிக்கிட்டு இருக்குமே, அந்த ரப்பர் முடி ஒண்ணுகூட இன்னும் உதிரல."

"போன மாசம் எங்கிட்ட வாங்குன டயர வீட்டுல தொங்க விட்டிருக்கீரா வே?" என்றார் சுயம்பு.

"குறுக்க பேசாதேயும். ஒருநா நடுரோட்டுல கோழி முட்டை. பிரேக் பிடிச்சா ரிம்மு தேயுமேன்னு மேலயே விட்டேன். உடையலயே! டயர் சூட்டுல குஞ்சு பொரிச்சிட்டு."

"குஞ்சு என்ன கலரு அத்தான்?"

"கறுப்பு. முதுகுல டயர் அச்சு இருக்கும்."

சுயம்பு சிரித்துவிட்டார். எஸ்தாக்குக்கு அது போதாதா?

"இதுக்கே சிரிச்சா எப்படி? உப்பளத்துப் பாத்தியில உப்பு அப்பத்தான் ஆடை கட்டுது. அது மேலயே போனேன், ஆடை கிழியல. அப்படியே கடலுக்குள்ள இறங்கி, வலையில ஒண்ணும் விழாத தோணிக்காரனுக்கு மீன் வித்துட்டு, டயர் நனையாம திரும்புனேன்."

"அதெல்லாம் சரி வே, இந்தச் சக்கரம் எப்படிக் கோணிச்சு?"

பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. லாசர் பெடலில் கால் வைத்துவிட்டான். இதைக் கோட்டைவிட்டால் இன்றைக்கு மீன் நாறிப்போகும்.

"அங்கதான் விசயமே இருக்கு!" என்று எஸ்தாக்கு வழியை மறித்தார். "ஓட்டும்போது சைக்கிள நாந்தான் தாங்கிக்கிட்டுப் போறேன். நேத்து டீ குடிக்க இறங்குனேன். பாரம் பூரா சக்கரத்துல விழுந்துட்டு. கோணாம என்ன செய்யும்?"

லாசர் முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சு. நீங்கதான் தாங்குறீங்கன்னா, சக்கரம் கோணுனா என்ன, நேரா இருந்தா என்ன? உங்க வண்டியிலயே போங்க அத்தான். டீ குடிக்க மட்டும் இறங்கிராதீங்க."