மாட்டுக்கும் ஒரு கம்பைலர்

கோயமுத்தூர்ல வாயால வடை சுடறவங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனா சென்னியப்பன் சார் சுட்டா சட்னியோட வரும். விமானத்துக்கு மீட்டர் பொட்டி செய்யற கம்பெனியில சாஃப்ட்வேர் தலைமை அவர்தான். அவருக்குக் கீழ வேலை பாக்கிறவ நித்யகலா. அன்னிக்கு நாலு மணிக்குள்ள சார் கையெழுத்தோட கஸ்டமருக்கு ஒரு ஃபாரம் போகணும். அதுல ஒரே கேள்வி: புது சிப்புக்கு அடா கம்பைலர் இருக்கா, இல்லையா?

நாம அடாங்கிற கம்ப்யூட்டர் மொழியில எழுதறதைச் சிப்புக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கிறது கம்பைலர். சிப்புக்குச் சிப்பு தனியா வேணும். நித்யகலா மூணு வாரம் தேடிட்டா, இந்தச் சிப்புக்கு எங்கயும் இல்லை. சாரோ "அதெல்லாம் இருக்கு"ன்னு கஸ்டமர்கிட்ட போன்ல அடிச்சு விட்டுட்டார். பொய்யின்னு தெரிஞ்சா ஆர்டர் போகும், கூடவே இவ வேலையும் போகும்.

சாரைக் கேன்டீன்ல போய்ப் பிடிச்சா. "சார், இருக்குங்களா இல்லீங்களா?"

"அடா ஓடாத இடமா? எங்க வீட்டு கிரைண்டர்லயே ஏத்தினேன் கண்ணு. கறாரான மொழி. வேற வேற இனத்தை ஒண்ணாச் சேக்கவே விடாது. அரிசியையும் உளுந்தையும் சேத்துப் போட்டேன், கலக்க மாட்டேன்னு கல்லு நின்னுபோச்சு."

"அப்ப இட்லி?" பஜ்ஜி போட்டுட்டிருந்த பழனாத்தாக்கா கேட்டாங்க.

"மூணு மாசம் பழைய சோறுதான்."

நித்யகலா ஃபாரத்தை விரிச்சு எழுதிக்கிட்டா.

"அதை விடு. மாமனார் மாட்டுக்கே ஏத்தினேன்."

"மாட்டுக்குங்களா?"

"பின்னே? பால்காரன் சொம்புல அரை டம்ளர் தண்ணியை ஒளிச்சுக் கொண்டாந்தான். மாடு சொம்பைப் பாத்துச்சு, அவனைப் பாத்துச்சு. ஒரு சொட்டு இறங்கலையே! பதினோரு தடவை கத்துச்சு. எந்த வரியில தப்புன்னு கம்பைலர் சொல்லுமில்ல? பதினோராவது வரின்னு அர்த்தம்."

"அட கெரகமே!" அக்கா கரண்டியைக் கீழ வச்சுட்டாங்க.

"மேகத்துக்கு ஏத்தினதைச் சொன்னா நம்ப மாட்டீங்க."

"இதையே நம்பலீங்க," ன்னா நித்யகலா.

"அடாவுல எல்லை சொல்லிட்டா மீறாது. வடக்க வரப்பு, தெக்க கெணறுன்னு எழுதி விட்டேன். எங்க காட்டுல முழங்கால் தண்ணி. பக்கத்துக் காட்டுல காயப்போட்ட மிளகா காய்ஞ்சுக்கிட்டே இருந்துச்சு. வரப்புல நின்ன பங்காளிக்கு இடது தோள் மட்டும் நனைஞ்சுது!"

மணி மூணே முக்கால். நித்யகலா ஃபாரத்தை நகர்த்தினா. "கிரைண்டர், மாடு, மேகம், மூணையும் எழுதிட்டேனுங். கையெழுத்துப் போடுங்க சார்."

சார் கண்ணாடியை மாட்டிப் படிச்சார். முகம் சுருங்கிருச்சு. "நம்ம சிப்பைக் காணோமே?"

"அதை நீங்க சொல்லவேயில்லீங்களே."

பேனாவை எடுத்தார். கை காகிதத்துக்கு மேலேயே நின்னுச்சு.

"வராது கண்ணு," ன்னார் கடைசியில. "இந்தப் பேனாவுலயும் கம்பைலர் ஏத்தியிருக்கேன். பொய்யின்னா மை இறங்காது."

"அப்ப 'இல்லை'ன்னு எழுதிப் பாருங்க சார், ஓடுதான்னு."

எழுதினார். தங்குதடையில்லாம ஓடுச்சு.