மெத்தையில் உட்காராதீங்க, அண்ணே!

காட்டாற்றங்கரையில் ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் இருந்தது. மனைவி பொன்னுருவி, கணவன் வெள்ளைச்சாமி, ஒரே மகள் செவ்வந்தி.

செவ்வந்திக்கு இன்னும் காது குத்தவில்லை. ஊசி கிடைக்காமலா? அந்த வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஊசிதான்! மடிக்குத்தான் பஞ்சம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்த வேண்டும்? அந்தத் தாய்மாமன் ராக்கனோ, இரண்டு வருஷமாகத் தங்கை வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

அப்படி என்ன குத்தம் நடந்துவிட்டது என்கிறீர்களா? பொன்னுருவி புது வளைக்குக் குடிபோனபோது அண்ணனை நேரில் போய் அழைக்கவில்லை. கிளியிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். அவ்வளவுதான்!

"கிளி வந்து கூப்பிட்டா நான் ஓடி வரணுமா? எனக்கு ஒரு மரியாதை கிடையாதா?" என்று முள்ளைச் சிலிர்த்தான் ராக்கன். சிலிர்த்த முள் இரண்டு வருஷம் இறங்கவே இல்லை.

பொன்னுருவிக்கு அண்ணன் என்றால் உயிர். மகளின் காதைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை வரும். கடைசியில் ஒருநாள், ஒரு தட்டு நிறைய நாவல்பழத்தை எடுத்துக்கொண்டு, புருஷனையும் இழுத்துக்கொண்டு மலையேறினாள்.

"அண்ணே! நேர்ல வந்து கூப்பிடுறேன். வாங்கண்ணே!"

ராக்கன் கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தான், பாறையைப் பார்த்தான். அவன் மனைவி மாயக்காள் விலாவில் இடித்தாள். அவள் இடித்தால் சும்மாவா, எல்லாம் முள்ளாயிற்றே!

"ஆ! சரி, சரி! பௌர்ணமிக்கு மறுநாள் மத்தியானம் வர்றோம். பிள்ளைக்குக் காதையும் குத்திடுவோம்" என்றான்.

பொன்னுருவிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நாள் விடிந்ததுமே வளையைக் கூட்டினாள். தரையைச் செம்மண்ணால் மெழுகினாள். சுவரில் சுண்ணாம்புக் கோலம் போட்டாள். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டி, தள்ளி நின்று பார்த்து, மறுபடி அவிழ்த்து, ஒரு விரல் கீழே இறக்கிக் கட்டினாள். அதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்! அடுப்பில் மூங்கிலரிசிப் பாயசம் கொதித்தது. வெள்ளைச்சாமி இனிப்புப் பார்க்கிறேன் என்று ஏழு கரண்டி இனிப்புப் பார்த்தான். பொன்னுருவி அத்தோடு ஏற்பாட்டை நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

மைனா ஒன்று வந்து சேர்ந்தது. காட்டில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் எட்டிப் பார்க்காவிட்டால் அதற்குச் சாப்பாடு இறங்காது.

"எல்லாம் சரி பொன்னுருவி. விருந்தாளி எதுல உட்காருவாங்க?"

"தரையிலதான்."

"தரையிலயா! வர்றது உன் அண்ணனா, எருமைமாடா? மேல்காட்டுல முயல் வீட்டைப் போய்ப் பாரு. எல்லாம் இலவம்பஞ்சு மெத்தை! அது வீடு!"

பொன்னுருவிக்கு முகம் வாடிவிட்டது. ஓடினாள். இலவ மரத்தடியில் பஞ்சு பொறுக்கினாள். தையல்சிட்டிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பூவரச இலையில் உறை தைத்து வாங்கினாள். நான்கு மெத்தைகள்! குண்டு குண்டாக, வழவழவென்று! வீட்டு நடுவில் வரிசையாகப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ரசித்தாள்.

வெள்ளைச்சாமி வந்து பார்த்தான்.

"அடியே, இதுல யாரு உட்காரப் போறா?"

"என்ன கேள்வி இது? வர்ற விருந்தாளிங்கதான்!"

"நம்ம சாதிக்கு முதுகுல மட்டுமா முள்ளு இருக்கு? உட்காருற இடத்துலயும்ல இருக்கு!"

பொன்னுருவி திரும்பித் தன் பின்பக்கத்தைப் பார்த்தாள். மெத்தையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள்.

"அப்போ யாரும் உட்கார வேண்டாம். சும்மா பார்க்கட்டும்!" என்றாள்.

சொன்னபடி மத்தியானம் ராக்கனும் மாயக்காளும் வந்தார்கள். வேகாத வெயிலில் மலை இறங்கி வந்ததில் ராக்கனுக்குக் கால் விட்டுப்போயிற்று.

"வாங்கண்ணே! வாங்க மதினி!" என்று பொன்னுருவி கண் கலங்க வரவேற்றாள்.

"அப்பாடா!" என்று ராக்கன் மெத்தையை நோக்கிக் குனிந்தான்.

"ஐயோ அண்ணே! மெத்தையில உட்காராதீங்க! கிழிஞ்சிரும்!"

ராக்கன் நிமிர்ந்தான். சரி என்று சுவரில் சாய்ந்தான்.

"ஐயோ அண்ணே! கோலம் அழிஞ்சிரும்!"

ராக்கன் பாவம், தரையில் உட்காரப் போனான்.

"ஐயோ அண்ணே! செம்மண் இன்னும் காயலை!"

"ஏம்மா, நான் உன் வீட்டுக்கு வந்திருக்கேனா, இல்ல கொக்கு வீட்டுக்கு வந்திருக்கேனா? ஒத்தைக் கால்ல நிக்கட்டுமா?" என்றான் ராக்கன். வெள்ளைச்சாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மாயக்காள் சிரிக்கவில்லை.

நின்றபடியே கையில் ஆளுக்கொரு தேக்கிலை. அவித்த வள்ளிக்கிழங்கு, வறுத்த பலாக்கொட்டை, நடுவில் பாயசம். நின்றுகொண்டு பாயசம் குடித்துப் பாருங்கள், தெரியும். பாதி வாய்க்கு, பாதி மார்புக்கு! தரையில் சொட்டுகிறதா என்று பொன்னுருவி அண்ணன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

பாயசம் அமிர்தமாக இருந்தது. ராக்கன் ஒரே மூச்சில் குடித்துவிட்டான். பொன்னுருவி அடுத்த கரண்டியோடு வந்தாள்.

"போதும்மா" என்று இலையை மூடினான் ராக்கன்.

வந்தவர் முதல் தடவை போதும் என்றால் யாராவது விட்டுவிடுவார்களா? விருந்துக்குப் போனவர் மூன்று தடவை போதும் என்பார். வீட்டுக்காரர் நான்கு தடவை ஊற்ற வருவார். உலக வழக்கம் இது! ஆனால் அந்த நேரம் பார்த்துப் பொன்னுருவியின் கண்ணில் மெத்தையை ஒட்டி நின்ற மாயக்காளின் வால் பட்டது.

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு, பானையை மூடிவைத்துவிட்டு, மெத்தையைத் தள்ளிப்போட ஓடினாள்!

ராக்கன் மூடிய இலையோடு அப்படியே நின்றான். அவன் வாழ்நாளில் இப்படி ஓர் அவமானம் நேர்ந்ததில்லை.

அந்த நேரத்தில்தான் செவ்வந்தி வந்தாள். புதுப் பூமாலை போட்டிருந்தாள்.

"மாமா, உங்க மடியில உட்காரணுமாம். எங்கே மாமா மடி?"

"மடி இருக்கு கண்ணு. அதை வைக்கத்தான் உங்கம்மா வீட்டுல இடம் இல்லை" என்றான் ராக்கன். இலையைக் கீழே வைத்தான். மாயக்காளைப் பார்த்துத் தலையசைத்தான். வாசலுக்கு நடந்தான்.

"நான் போறேன்" என்றான்.

போயிட்டு வர்றேன் என்று சொல்லவில்லை. போறேன் என்றான்! வெள்ளைச்சாமிக்கே சிரிப்பு நின்றுவிட்டது. செவ்வந்தி மாலையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

பொன்னுருவி மெத்தையைப் பார்த்தாள். அண்ணன் முதுகைப் பார்த்தாள். இந்த முதுகு இப்போது வாசல் தாண்டினால் இனி ஜென்மத்துக்கும் திரும்பி வராது என்று அவளுக்குப் புரிந்தது. உடம்பில் இருக்கிற அத்தனை முள்ளையும் விறைப்பாக நிமிர்த்தினாள். ஓடிப்போய் மெத்தையில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

டமார்!

எழுந்தாள். அடுத்த மெத்தையில் உட்கார்ந்தாள். டமார்!

வீடு முழுக்கப் பஞ்சு பறந்தது. வாசலில் எட்டிப் பார்த்த மைனா, "ஐயையோ, மெத்தை போச்சே!" என்று அலறித் தும்மியது. ராக்கன் திரும்பிப் பார்த்தான். பொன்னுருவியின் ஒவ்வொரு முள்ளிலும் ஒரு பஞ்சு. மூக்கில் ஒன்று. கண்ணீர் பட்டு அது ஒட்டிக்கொண்டிருந்தது.

"உங்களுக்காகத்தான் எல்லாம் செஞ்சேன்! உங்களையே உட்கார விடலை நான்! என்னைத் திட்டுங்கண்ணே, அடிங்கண்ணே! போறேன்னு மட்டும் சொல்லாதீங்க!" என்று தேம்பினாள்.

ராக்கன் அவளையே பார்த்தான். மீசை துடித்தது.

"ஏ பொன்னு, எழுபது வயசுக் கிழவி மாதிரி இருக்கியே!" என்றான். சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. அழுதுகொண்டே அவளும் சிரித்தாள்.

"இன்னும் ரெண்டு மிச்சம் இருக்குல்ல?" என்று ராக்கன் ஓடிவந்து மூன்றாவது மெத்தையில் குதித்தான். டமார்! நான்காவதற்கு வெள்ளைச்சாமியும் மாயக்காளும் முட்டிக்கொண்டார்கள். மதினிதான் ஜெயித்தாள். டமார்!

சிதறிய பஞ்சைப் பரப்பி எல்லோரும் உட்கார்ந்தார்கள். முதுகைச் சுவரில் சாய்த்தார்கள். கோலம் போனது, போகட்டும்! முள்ளம்பன்றிக்கு உடம்பெல்லாம் முள் என்றாலும் மடி மட்டும் மெத்து. செவ்வந்தி அதில் ஏறி உட்கார்ந்தாள். ராக்கன் தன் முள்ளிலேயே மெல்லியதாக ஒன்றைப் பிடுங்கினான். சுருக்! அவள் அழ வாய் திறப்பதற்குள் பொன்னுருவி ஒரு கரண்டிப் பாயசத்தை உள்ளே தள்ளினாள்.

அடுத்த கரண்டி அண்ணனுக்கு.

"போதும்மா."

"அதெல்லாம் போதாது!"

"ஐயோ, வயிறு வெடிச்சிரும்!"

"வெடிக்கட்டும்! இன்னிக்கு இந்த வீட்டுல எல்லாமே வெடிக்குது!"

பானை காலியாயிற்று. வெள்ளைச்சாமி தன் பங்குக்கு வந்தபோது வழிப்பதற்குக்கூட ஒன்றும் இல்லை. ஏழு கரண்டி முன்பே தின்றவன்தானே, கிடக்கட்டும்!

பொழுது சாய ராக்கன் எழுந்தான். வாசலில் நின்று, முள்ளில் பஞ்சோடு, சத்தமாகச் சொன்னான்.

"பொன்னு, போயிட்டு வர்றேன்!"

விருந்தாளி வந்து உட்கார்ந்து கலைப்பதற்காகத்தான் வீட்டை அலங்கரிக்கிறோம். கலைந்துவிடுமே என்று அவரை நிற்கவைத்தால் அலங்காரம் மிஞ்சும், உறவு மிஞ்சாது.