மாஸ்டர் சட்டையில் சொட்டு நீலம்

திருப்பூரில் பரஞ்சோதி மாஸ்டர் என்று ஒருவர், பனியன் கம்பெனிப் பெண்களுக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்தார். "கத்தியோட எவன் வந்தாலும் ஓடாதீங்க, நின்னு பிடுங்குங்க!" என்பார். உடனே ஒரு சீடன் "குத்து!" என்று கத்துவான். ரப்பர் கத்தியை நீட்டியபடி சிலை மாதிரி நிற்பான். மாஸ்டர் பிடுங்குவார். எல்லோரும் கை தட்டவேண்டும்.

அங்கே சீருடை துவைக்கும் செங்கமலத்துக்கு வயிறு எரிந்தது. அவள் மகளும் அந்த வகுப்பில்தான் இருந்தாள்.

"ஏனுங்க மாஸ்டர், நெசமாலுமே குத்த வர்றவன் சொல்லிட்டா குத்துவான்? குத்திட்டுக் கையை நீட்டிட்டே நிப்பானுங்களா?"

மாஸ்டர் முகம் சிவந்தது. "துணி துவைக்கிறவளுக்கு என்ன தெரியும்? நீயே வந்து குத்து. கத்தி என்மேல பட்டா இந்தக் கறுப்பு பெல்ட்டைக் கழட்டிடறேன். படலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

"சரிங்க" என்றவள், சீருடை வெளுக்க வைத்திருந்த சொட்டு நீலத்தில் ரப்பர் கத்தியை முக்கினாள். அவள் கத்தவும் இல்லை, நிற்கவும் இல்லை. குத்தினாள், இழுத்தாள், மறுபடி மறுபடி குத்தினாள். கடைசியில் மாஸ்டர் கத்தியைப் பிடுங்கி, "பாத்தியா!" என்று தூக்கிக் காட்டினார்.

ஒருவரும் கை தட்டவில்லை. மாஸ்டர் குனிந்து பார்த்தார். வெள்ளைச் சட்டையில் வயிற்றில் நாலு நீலம், நெஞ்சில் இரண்டு.

"பெல்ட்டை அப்புறம் கழட்டலாமுங்க, முதல்ல சட்டையைக் கழட்டுங்க. நீலந்தானே, நான் துவைச்சுத் தந்துடறேன். உங்க பேச்சை நம்பி எம் பொண்ணு ஓடாம நின்னா, அவ துணியில இருக்கிற ரத்தத்தை நீங்க துவைப்பீங்களா?"