பசுங்கூரைச் சட்டத்துக்குக் கருத்துக் கேட்ட கதை

கொன்றைநாட்டு ராஜா இளவேழருக்கு ஒரு கோடையில் திடீரென்று யோசனை பிறந்தது. அதை ஊதிப் பெரிதாக்கியவர் மந்திரி தருமராயர். நாட்டில் எல்லா வீட்டையும் பசுமையாக மாற்றிக் கட்ட வேண்டுமாம். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகவேண்டும், காற்று வர ஜன்னலைப் பெரிதாக்க வேண்டும், புது மரம் வெட்டக் கூடாது. அதுவரைக்கும் நல்ல காரியம்தான். கடைசி விதியில்தான் வம்பு. ஓட்டின்மேல் ஒரு முழம் மண் கொட்டிப் புல் வளர்க்க வேண்டும், மறுத்தால் வீடு பறிமுதல்.

இந்த விதி அரசவைப் புலவன் ஆவுடையப்பன் வீட்டுக்குள்ளேயே வம்பைக் கொண்டுவந்தது. அவன் மனைவி வடிவாம்பாள் போன மாதம்தான் ஆசை ஆசையாக ஓடு மாற்றியிருந்தாள். மண் மேலே ஏறுகிற அன்றைக்கே அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாமல் இவனுக்குச் சோறு வடிக்கக்கூடத் தெரியாது, பாவம்.

ராஜா நியாயஸ்தர். பத்து நாள் மக்களிடம் கருத்துக் கேட்டார். ஆளுக்கு அரை நாழிகை. ஆனால் அந்தச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. வாயைத் திறக்கிறவர் முதலில் ராஜாவின் முப்பத்திரண்டு பட்டங்களையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பட்டமும் ஒரு தெரு நீளம். சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும், காவலன் ஆளைக் கிளப்பிவிடுவான். குயவர் மாடசாமி மூச்சு விடாமல் ஓட்டிப் பார்த்தார். இருபத்தெட்டாவது பட்டத்தில் இருமல் வந்துவிட்டது. கணக்கர் எல்லாருக்கும் ஒரே வரியை எழுதினார்: புகழ்ந்தார், ஆட்சேபணை இல்லை.

கருத்துச் சொல்ல வந்த முந்நூறு பேருக்கும் சம்மதம் என்று தருமராயர் ஓலையை நீட்டினார். ராஜாவுக்குப் பூரிப்பு. ஆவுடையப்பன் மெல்ல எழுந்தான். இவ்வளவு நல்ல காரியம் அரண்மனையில் தொடங்கினால்தானே அழகு, மகாராஜா மதியம் தூங்குகிற மண்டபத்துக் கூரையில் முதல் புல் முளைக்கட்டும் என்றான். தருமராயரால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அவர் போட்ட விதி ஆயிற்றே!

மண் ஏறியது. மழையும் பெய்தது. இருபதே நாளில் கூரையில் புல் தளதளவென்று நின்றது. ஆவுடையப்பன் போய் இடைச்சி சடைச்சியைப் பார்த்தான். அரண்மனைக்குப் பின்னால் நல்ல மேய்ச்சல் இருக்கிறது, ஆடுகளைத் தாராளமாக ஓட்டி வா என்று சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் மதியம் ராஜா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பின்படி வழியாக ஏழெட்டு ஆடுகள் கூரைக்கு ஏறின. ஈர மண்ணின் கனமே தாங்காத கூரை அது. மடமடவென்று சத்தம். அடுத்த நொடி ஓடும் மண்ணும் புல்லுமாக ஒரு கொழுத்த கிடாய் ராஜாவின் கால்மாட்டில் வந்து விழுந்தது. விழுந்த வேகத்தில் எழுந்து, மெத்தையில் சிதறிய புல்லைத் தின்ன ஆரம்பித்தது.

ராஜாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மீசையெல்லாம் மண். சபை அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தது. கூரைப்புல் விதியை அந்த இடத்திலேயே அடித்துப்போடச் சொன்னார் ராஜா. மற்ற விதிகள் இருக்கட்டும் என்றார். ஆவுடையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தருமராயர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"பத்து நாள் கேட்டேனே, இப்படி ஆகும் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே?" என்றார் ராஜா. குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

ஆவுடையப்பன் கைகட்டி நின்றான். "முந்நூறு பேரும் இதைச் சொல்லத்தான் வந்தார்கள், மகாராஜா. பட்டங்களைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. இந்தக் கிடாய்க்குத் தங்கள் பட்டம் ஒன்றும் தெரியாது. அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டது."

ராஜா கிடாயைப் பார்த்தார். பிறகு மீசை மண் உதிர உதிரச் சிரித்தார், தோளில் கிடந்த சால்வையை எடுத்து ஆவுடையப்பனுக்குப் போர்த்தினார்.