குழந்தை பேர் என்ன?

ஆற்றின் தென்கரையில் ஒரு சிறிய மடம். அங்கே நாச்சியம்மை என்ற துறவி இருந்தார். அவருடைய சீடர்களில் வயதில் மூத்தவர் திருமேனி. குருவைவிட இருபது வயது பெரியவர். முப்பது வருஷம் நீதிமன்றத்தில் சாட்சிகளின் வாக்குமூலத்தை எழுதி ஓய்வு பெற்றவர். பொய் சொல்கிறவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட முடியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

ஒரு வியாழக்கிழமை மதியம், வடகரையில் இருந்த செங்கல் சூளையில் நாலு வயதுப் பெண்குழந்தை ஒன்று காணாமல் போயிற்று. வெளியூரிலிருந்து செங்கல் அறுக்க வந்திருந்த கோதண்டன், அஞ்சலாட்சி தம்பதியின் ஒரே குழந்தை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் செய்தி மடத்துக்கு வந்தது.

"போய்த் தேடுங்க" என்று குரு திருமேனியை அனுப்பினார்.

திருமேனி மதியத்துக்குள் திரும்பி வந்துவிட்டார். வேட்டி நனையாமல் தூக்கிக் கட்டியிருந்தார். முகத்தில் ஒரு வேலையை முடித்துவிட்ட தெளிவு இருந்தது.

"கிடைச்சுதா?" என்று குரு கேட்டார்.

"இல்லைம்மா. ஆனா விஷயம் தெரிஞ்சுபோச்சு. பெத்தவங்கதான்."

குரு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார்.

"எப்படித் தெரியும்?"

"தாய்க்காரி அழவே இல்லைம்மா. நேத்திலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. அதுக்கு முந்தின நாள் புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் பெரிய சண்டையாம், பக்கத்துக் குடிசைக்காரி சொன்னா. அவன் என்னடான்னா, குழந்தை காணாமப்போன நேரத்துல எங்க இருந்தேன்னு கேட்டா, ஒரு தடவை மண்ணு வெட்டப் போனேன்கிறான், இன்னொரு தடவை சூளைக்குப் பின்னால இருந்தேன்கிறான். ஏட்டு அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். இன்னொண்ணு கேளுங்க. நேத்து ஊரே குழந்தையைக் கூப்பிட்டுத் தேடியிருக்கு. இவ குறுக்க விழுந்து, கத்தாதீங்க, கத்தாதீங்கன்னு தடுத்திருக்கா. எதுக்குத் தடுக்கணும்?"

குரு பொறுக்கி வைத்த கல்லை வாசலில் எறிந்தார்.

"எல்லாத்தையும் விட ஒண்ணு. இன்னிக்குக் காலையில இவ அச்சை எடுத்துக்கிட்டுப் போய்க் கல் அறுக்க உட்கார்ந்துட்டா. பெத்த பிள்ளையைக் காணோம். இவ செங்கல் அறுக்கறா. என் கண்ணால பார்த்தேன்."

"நீங்க எங்கெல்லாம் தேடுனீங்க?"

"நானா?" திருமேனி கொஞ்சம் தயங்கினார். "நான் அவளைக் கவனிச்சுக்கிட்டு அங்கயே நின்னேன்."

"மத்தவங்க?"

"காலையில நாப்பது பேர் கிளம்பினாங்க. கிணறு ரெண்டுலயும் பார்த்தாச்சு. அப்புறம் பாதிப் பேர் குடிசைகிட்டயே வந்துட்டாங்க. அவ ஓடிட்டா என்ன பண்றது?"

"குழந்தை பேர் என்ன?"

பக்கத்துக் குடிசைக்காரியின் பெயர் திருமேனிக்குத் தெரியும். ஏட்டின் பெயர் தெரியும்.

"பாப்பா, பாப்பான்னுதான் கூப்பிட்டாங்க" என்றார்.

குரு எழுந்தார்.

"வாங்க. பேரைக் கேட்போம்."

ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர். இந்தத் தடவை திருமேனி வேட்டியைத் தூக்கிக் கட்ட மறந்துவிட்டார். குரு அவ்வளவு வேகமாக நடந்தார்.

சூளையை ஒட்டி வரிசையாகக் குடிசைகள். ஒரு குடிசையின் தட்டிக் கதவை வெளியிலிருந்து கயிற்றால் கட்டியிருந்தார்கள். முன்னால் இருபது பேர் நின்றார்கள். கல் அறுக்கும் மர அச்சு புழுதியில் கவிழ்ந்து கிடந்தது.

"திறங்க" என்றார் குரு.

"போலீஸ் திரும்பி வரட்டும்மா" என்றான் சூளை மேஸ்திரி.

"நான் அவ பக்கத்துலயே இருக்கேன். எங்கயும் போக மாட்டா. கயித்தை அவிழுங்க."

மேஸ்திரி சுற்றிலும் பார்த்தான். கயிற்றை அவிழ்த்தான்.

அஞ்சலாட்சி சுவரில் சாயாமல் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கைகளில் காலையில் குழைத்த மண் காய்ந்து வெடித்திருந்தது. குரு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"குழந்தை பேர் என்னம்மா?"

அவள் குருவை நிமிர்ந்து பார்த்தாள். என்ன செய்தாய், எங்கே போட்டாய், யாருக்குக் கொடுத்தாய் என்றுதான் நேற்றிலிருந்து கேட்டிருந்தார்கள்.

"செவ்வந்தி."

"கூப்பிட்டா வருவாளா?"

"ஒருத்தர் கூப்பிட்டா வருவா. கூட்டமாக் கத்துனா வர மாட்டா. போன வருஷம் நாங்க இருந்த சூளையில செங்கல் அடுக்கு சரிஞ்சு ரெண்டு பேர் உள்ள மாட்டிக்கிட்டாங்க. எல்லாரும் ஓடி ஓடிக் கத்துனாங்க. இவ பக்கத்துலயே நின்னு பார்த்துட்டா. அதுலேர்ந்து நாலு பேர் சேர்ந்து சத்தம் போட்டாலே எங்கயாச்சும் பூந்து காதைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்துடுவா. மேஸ்திரிகிட்ட சொன்னேன். காதுலயே வாங்கலை."

மேஸ்திரி காலால் புழுதியைத் தள்ளினான்.

திருமேனி குடிசைக்குள் குனிந்து கேட்டார். "காலையில எதுக்கும்மா கல் அறுத்தே?"

"அந்தச் சத்தத்துக்கு வருவா, ஐயா. பொறந்ததுலேர்ந்து அதைக் கேட்டுத்தான் தூங்குவா. அச்சுல மண்ணை அறைஞ்சு கவிழ்த்துத் தட்டுறேன்ல, அது நின்னா முழிச்சிக்குவா. தூரத்துல விளையாடிக்கிட்டு இருந்தாலும் அதைக் கேட்டுத்தான் எங்கிட்ட வந்து சேருவா. ராத்திரி பூரா தகரத்தைத் தட்டிக்கிட்டுத் திரிஞ்சாங்க. விடியக்காலையிலதான் ஊர் அடங்குச்சு. இப்ப தட்டுனா கேக்கும்னு நெனச்சேன். பத்துக் கல்லு அறுக்கலை, அச்சைப் புடுங்கி வீசிட்டாங்க."

பிடுங்கச் சொன்னவர்களில் திருமேனியும் ஒருவர். அவர் வெளியே போய், புழுதியில் கிடந்த அச்சை எடுத்துத் துடைத்தார்.

"எந்தப் பக்கம் போயிருப்பா?" என்று குரு கேட்டார்.

"வாய்க்காலோரம் கொக்கு உட்காரும். அதைத் துரத்திக்கிட்டுப் போவா."

வாய்க்கால் சூளையைத் தாண்டி முப்பது ஏக்கர் கரும்புக்குள் போயிற்று. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்பு. அதன் ஓரத்தில்தான் நேற்று மாலை எல்லோரும் நின்று கத்தியிருந்தார்கள்.

குரு கூட்டத்திடம் வந்தார்.

"ஒரு உதவி பண்ணுங்க. கரும்பைச் சுத்தி நில்லுங்க. யாரும் பேச வேணாம்."

"வாயை மூடிக்கிட்டு நின்னா குழந்தை எப்படிம்மா கிடைக்கும்?" என்றான் மேஸ்திரி.

"கத்திப் பார்த்தாச்சு. கிடைக்கலையே."

வாய்க்கால் கரும்புக்குள் நுழையும் இடத்தில் அஞ்சலாட்சி குந்தினாள். திருமேனி சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுக் குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து மண்ணைக் குழைத்தார். பேனாவைத் தவிர வேறெதையும் அதிகம் பிடித்துப் பழகாத கை. மண் முதலில் இளகிப் போயிற்று. அஞ்சலாட்சி இன்னும் இரண்டு பிடி உலர்ந்த மண்ணை அதில் போட்டாள்.

மண்ணை உருட்டி அச்சில் அறைந்தாள். வழித்தாள். கவிழ்த்துத் தட்டினாள். அடுத்த கல்.

இருபது கல் ஆயிற்று. கரும்பு அசையவில்லை.

அவள் அச்சை எடுத்துக்கொண்டு வரப்பு வழியே நூறு அடி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். திருமேனி குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். அங்கேயும் இருபது கல். வெயில் நேராக மண்டையில் இறங்கியது. காற்றில் கரும்புத் தோகை உரசும் போதெல்லாம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லா நாடகம் போடுறா" என்று ஒருவன் சொன்னான்.

குரு அவனைப் பார்த்தார். "நாடகமாவே இருக்கட்டும், அண்ணே. சத்தம் போடாம பாருங்க."

மூன்றாவது இடம். நான்காவது இடம். திருமேனியின் உள்ளங்கை உரிந்துவிட்டது. போதும் என்று ஒரு தடவை சொல்ல நினைத்தார். அவள் கையைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் மண்ணை மிதித்தார்.

ஐந்தாவது இடத்தில் எட்டாவது கல்லைக் கவிழ்க்கும்போது உள்ளே தோகை சலசலத்தது. அப்போது காற்று இல்லை.

அஞ்சலாட்சிக்குக் கேட்டுவிட்டது என்பது அவள் தோளிலேயே தெரிந்தது. ஆனால் எழவில்லை. கூப்பிடவும் இல்லை. அடுத்த கல்லை அறைந்தாள், தட்டினாள். அதற்கடுத்ததையும் தட்டினாள். நிறுத்தினால் குழந்தைக்குத் திசை தப்பிவிடும்.

கரும்பின் அடியிலிருந்து செவ்வந்தி தவழ்ந்து வந்தாள். கன்னமெல்லாம் தோகை அறுத்த கோடுகள். ஒரு கால் வீங்கியிருந்தது. தாயின் முதுகில் வந்து சாய்ந்தாள். அதன் பிறகுதான் தட்டும் சத்தம் நின்றது.

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். அஞ்சலாட்சி மண் கையோடு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, வீங்கிய காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். "இப்பவும் அழலை பாரேன்."

"எங்க இருக்குன்னு இவளுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கு" என்றாள் மற்றவள்.

திருமேனிக்கு அது கேட்டது. அவர்களை நோக்கி ஓர் அடி வைத்தார். குரு அவர் தோளைத் தொட்டு, "குழந்தைக்குக் குடிக்கத் தண்ணி கொண்டாங்க" என்றார்.

சாயங்காலம் கோதண்டன் ஸ்டேஷனிலிருந்து வந்தான். ஒரு காது சிவந்து தடித்திருந்தது. குழந்தையின் பாதத்தைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு முள்ளெடுக்க உட்கார்ந்தான். அஞ்சலாட்சி அடுப்பில் உலை வைத்தாள்.

குருவும் சீடரும் பொழுது சாயும் நேரத்தில் ஆற்றில் இறங்கினார்கள். நடு ஆற்றில் திருமேனி கேட்டார்.

"அம்மா, ஒண்ணு மனசை அறுக்குது. பெத்தவங்களே பிள்ளையைக் கொன்ன வழக்கு ரெண்டு என் கையாலயே எழுதியிருக்கேன். இல்லாத விஷயம் இல்லை."

"இல்லாத விஷயம் இல்லை."

"இவளும் அப்படிப்பட்டவளா இருந்திருந்தா? நீங்க அவளை நம்பினீங்க. அவ காட்டின இடத்துல ஊரையே வெயில்ல நிறுத்தி வெச்சீங்க. ஏமாந்திருப்போமே."

"அவளை நம்பறேன்னு நான் சொன்னேனா?"

திருமேனி யோசித்துப் பார்த்தார். காலையிலிருந்து குரு பேசிய ஒவ்வொரு சொல்லையும் நினைவில் திருப்பினார். அப்படி ஒரு சொல் இல்லை.

"சொல்லலை" என்றார்.

"எனக்கு அவளைப் பத்தி என்ன தெரியும்? குழந்தையைக் காணோம், அது தெரியும்." குரு கரையேறி, நனைந்த புடவையைப் பிழிந்தார். "அவ செஞ்சிருந்தா மட்டும், செவ்வந்தியைத் தேடாம விட்டுடலாமா?"