மேக்கப்புக்கு முன், மேக்கப்புக்குப் பின்

“நல்லது பண்ணினவளுக்கு இதுதானா சாமி கிடைக்கும்?”

வந்ததும் வராததுமாகச் சுகந்தி கேட்டாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று வாசலில் கிடந்தது, மற்றொன்று படியில்.

சிறுமலை அடிவாரத்து மடம் அது. சாமிக்குச் சுகந்தியைவிடப் பத்து வயது குறைவு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துச் சாப்பாட்டுக்காகப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“உட்காருங்க. என்ன ஆச்சு?”

உட்கார்ந்தாள். கையிலிருந்த போன் உறுமியது. எடுத்துப் பார்த்தாள், வைத்தாள். அது உறுமாமலேயே மறுபடியும் எடுத்துப் பார்த்தாள்.

சுகந்திக்குத் திண்டுக்கல்லில் பியூட்டி பார்லர். கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவதில் கெட்டிக்காரி, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. போன மாதம் அபிநயா என்ற பெண்ணுக்குப் போட்டாள். அபிநயாவுக்குக் கன்னத்திலும் கழுத்திலும் வெண்புள்ளி. மேக்கப்புக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்லரின் இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டாள். அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. தை மாத முகூர்த்தங்களுக்கு இப்போதே ஆட்கள் வந்துவிட்டார்கள்.

“இப்ப அந்தப் பொண்ணு படத்தை எடுங்க எடுங்கன்னு நச்சரிக்குது சாமி. மாப்பிள்ளைக்குத் தெரியும், அவங்க வீட்டுக்கும் தெரியும். அப்புறம் என்னவாம்?”

“அது என்ன சொல்லுது?”

“நத்தத்துல புகுந்த வீட்டுக்கு யார் வந்தாலும் முதல்ல என் கன்னத்தைத்தான் பார்க்கிறாங்கன்னு சொல்லுது. நாலு நாள்ல மறந்துடுவாங்கம்மான்னு நானும் சொல்லிப் பார்த்தேன். கேட்கல. கமெண்ட்லயே வந்து எழுதிடுச்சு.”

“நீங்க?”

“விடுவேனா? ‘உன்னை அழகாக்கினது என் கை, நன்றி சொல்லத் தெரியலையா’ன்னு எழுதினேன். அதுக்கு எத்தனை ஹார்ட் விழுந்துச்சு தெரியுமா?”

அந்த ஹார்ட் விழுந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதைச் சாமியிடம் சொல்லவில்லை.

“படத்தை எடுக்கணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க.”

“பின்னாடி எடுத்த படம் மட்டும் போதாதா?”

“முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு காட்டினாத்தானே சாமி என் வேலையோட அருமை தெரியும்?”

சாமி பூசணித் துண்டுகளை அண்டாவுக்குள் தள்ளினார்.

“இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க.”

அவ்வளவுதான் பதில். அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் எழுந்து போகவும் மனம் வரவில்லை.

கூட்டம் சேர்ந்தது. பாதிப் பேர் திண்டுக்கல்காரர்கள். இரண்டு பேர் அவள் பார்லருக்கே வருகிறவர்கள்.

பேச்சின் நடுவே சாமி நிறுத்தினார்.

“சுகந்திம்மா, கொஞ்சம் எழுந்திரிங்க.”

எழுந்தாள்.

“இங்க வந்தா என்ன கிடைக்கும்னு கேட்கிறீங்கள்ல? இவங்களைப் பாருங்க. சொந்தத் தொழில், தெளிவான முகம். மூணு வருஷத்துக்கு முன்னாடி முதல் தடவை வந்தப்ப எப்படி இருந்தாங்க தெரியுமா?”

சுகந்தி ஓரடி முன்னால் வந்தாள்.

அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருந்தாள். புருஷனிடம்கூடச் சொல்லாததைச் சாமியிடம் சொல்லியிருந்தாள். அது என்ன என்பது நமக்கு வேண்டாம்.

“சாமி...”

“நல்லவிதமாத்தான் சொல்லப்போறேன். முன்னாடி எப்படி இருந்தாங்கன்னு சொன்னாத்தானே இந்த மடத்தோட அருமை தெரியும்?”

“வேண்டாம் சாமி!”

கத்திவிட்டாள்.

“சரி, உட்காருங்க,” என்று சாமி வேறு பேச்சுக்குப் போய்விட்டார். கூட்டம் அந்தப் பேச்சைவிட்டுப் போகவில்லை.

பந்தியில் பக்கத்து இலைக்காரி மெதுவாகக் கேட்டாள். “முன்னாடி என்னக்கா ஆச்சு உங்களுக்கு?”

எதிர் வரிசையில் பார்லருக்கு வருகிற இரண்டு பேரும் அவளைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ பேசினார்கள். தண்ணீர் ஊற்ற வந்தவர்கூடச் சொம்பைச் சாய்க்காமல் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார்.

சுகந்தி இலையை மூடிவிட்டு எழுந்தாள். வரிசையின் கோடியில் சாமி பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்.

“நீங்க ஒண்ணுமே சொல்லல சாமி. ஆனா எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க.”

“நாலு நாள்ல மறந்துடுவாங்கம்மா.”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒதுங்கிப் போனை எடுத்தாள். படத்தை அழித்தாள். அவள் எழுதிய பதிலும் அதோடு போயிற்று, ஹார்ட்டும் போயிற்று. விறுவிறுவென்று திரும்பி வந்தாள்.

“எடுத்துட்டேன் சாமி. அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டு இன்னைக்கே ஒரு வீடியோவும் போட்டுடறேன். ஊரே பார்க்கட்டும்.”

சாமி நிமிர்ந்தார். பந்தி முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க பாருங்க! நான் சுகந்திம்மாகிட்ட மன்னிப்புக் கேட்கணும். ஏன்னா, மூணு வருஷத்துக்கு முன்னாடி இவங்க...”

சுகந்தி பாய்ந்து அவர் கையிலிருந்த கரண்டியைப் பிடித்துக்கொண்டாள். பாயசம் அவள் புடவையெல்லாம் கொட்டியது.

இரண்டு பேரும் கரண்டியை விடவில்லை.

அவளுக்கு மூச்சு வாங்கியது. இடுப்பில் செருகியிருந்த போன் உறுமிக்கொண்டே இருந்தது.

“சாமி,” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “வீடியோ வேண்டாம். இங்கிருந்து நத்தத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு?”